கறுப்பு வெள்ளை நூல்

ஆட்டு உடலைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் குதிரை ஆட்டத்தில் எர்மெக் விழுந்தான். குதிரையும் அவன்மேல் விழுந்தது. நான் எடுபிடி வேலை பார்க்கும் வார்டுக்கு வந்தபோது கைக்கும் நெஞ்சுக்கும் ஒன்றுமில்லை. டாக்டர் ஊசியால் மேலிருந்து குத்திக்கொண்டே வந்தார். தொப்புள்வரை "சுருக்குங்குது" என்றான். அதற்குக் கீழே பேச்சில்லை. தண்டுவடம் எந்த இடத்தில் நசுங்குகிறதோ, அதற்குக் கீழே உள்ளதெல்லாம் போகும்.

பக்கத்துக் கட்டிலில் லாரி ஓட்டும் பாகித். கழுத்தில் அடி. தோளைக் குலுக்குவார், அவ்வளவுதான்.

"நீ ராஜாடா," என்பார். "மூக்குல ஈ உக்காந்தா ஓட்டிக்கிறே. நான் அதுகிட்ட கெஞ்சணும்."

ஒருநாள் காலை நான் போர்வையை விலக்கியதும் எர்மெக்கின் வலது கால் வெடுக்கென்று உதைத்தது. அவன் அம்மா சாயிரா அலறினாள்.

"கால் வந்துடுச்சு!"

"இல்லம்மா, அது தானா துடிக்குது. அவர் ஆட்டல. இப்படி வரும்னு டாக்டரே சொன்னாருல்ல?"

"டாக்டருக்குப் படிக்கப் போய்ப் பாதியில ஓடிவந்தவன் நீ. பெட்பேனை எடுத்துட்டுப் போ."

எர்மெக்குக்கு ஒரு சக்கர நாற்காலி வந்திருந்தது. வேண்டாமென்றால் அடுத்த ஊருக்குப் போய்விடும். சாயிரா அதை வெளியே தள்ளச் சொன்னாள்.

"நடக்கப்போற பிள்ளைக்கு வண்டி எதுக்கு?"

எர்மெக் தடுக்கவில்லை. கோடைக்கு மேய்ச்சல் மலையில் குதிரைமேல் இருக்கவேண்டும் அவனுக்கு.

மறுநாள் சாயிரா நூலோடு வந்தாள். எங்களில் குழந்தை நடக்கத் தொடங்கும்போது இரண்டு கால்களையும் கறுப்பு வெள்ளைக் கம்பளி நூலால் சேர்த்துக் கட்டுவோம். பந்தயம் ஓடி முந்தி வருபவர் அறுப்பார். அப்புறம் கால் தடுக்காது என்று நம்பிக்கை. மீசை வைத்தவனுக்குக் கட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தாழ்வாரத்துக் கோடியிலிருந்து அவன் தம்பி குபானும் மச்சானும் ஓடிவந்தார்கள்.

"பாத்துடா, விழுந்தா இங்க கட்டில் காலியில்ல!" என்று பாகித் கத்தினார்.

குபான் முந்தினான். எர்மெக் கண்ணை மூடிக்கொண்டான். கத்தி நூலில் பட்டதும் கால் மறுபடி வெட்டி இழுத்தது. நூல் அறுந்தது. கத்தி கணுக்காலில் இறங்கியது. வெள்ளை இழை சிவந்தது. குபான் கத்தியைக் கீழே போட்டான்.

எர்மெக் கண்ணைத் திறக்கவில்லை.

"அறுடா குபான். ஏன் நிக்கிறே?"

"அண்ணே..." என்றான் குபான்.

எர்மெக் கண்ணைத் திறந்தான். நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். என் விரல்களுக்கிடையே ரத்தம் வழிவதை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தான்.

"வலிக்குதாப்பா?" என்றாள் சாயிரா. வலிக்கிறது என்று சொல்லிவிடமாட்டானா என்று இருந்தது அந்தக் குரல்.

அவன் என் பக்கம் திரும்பினான்.

"அந்த வண்டி போயிடுச்சா?"

"வாசல்ல நிக்குது."

"கொண்டா."