எமெட்டுக்கு ஒரே ஒரு ஓட்டம்

எங்கள் கல்யாணம் நிச்சயமான அன்றே ஹாலிஸ் ஒரு நிபந்தனை போட்டார். வீட்டுக்குள் என் தம்பி எமெட்டின் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே கூடாது. அம்மாவின் மூட்டுவலி, மக்காச்சோள அறுவடை, பக்கத்து வீட்டு நாய், எதை வேண்டுமானாலும் பேசலாம். எமெட் எத்தனை நிமிடம் களத்தில் இருப்பான் என்று மட்டும் நான் கேட்கக் கூடாது. அது ஏப்ரல் மாதம். ஆட்டங்கள் தொடங்க இன்னும் நாலரை மாதம் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரில் கல்லூரிக் கால்பந்துதான் எல்லாம், பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஹாலிஸ் மூன்று வருடமாக அந்தக் கல்லூரியில், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தார். நான் ஊர்ப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. அந்தப் பிப்ரவரியில் தலைமைப் பயிற்சியாளர் பழைய ஆளை அனுப்பிவிட்டு, தாக்குதல் ஆட்டம் முழுவதையும் ஹாலிஸ் கையில் கொடுத்தார். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரக்கோட்டில் நின்று, அடுத்த நகர்வு என்ன என்று சொல்கிறவர் இனி அவர்தான். அப்போது அவருக்கு முப்பத்தொரு வயது.

முப்பது வருடமாக எங்கள் கல்லூரி ஒரே மாதிரிதான் ஆடியது. பந்தை எடு, முட்டு, மூன்று கஜம் போ, மறுபடி முட்டு. பந்தோடு ஓடுகிறவனுக்கு முன்னால் போய், எதிரில் வருகிறவனை மோதித் தள்ளி வழி செய்கிறவன் ஃபுல்பேக். எப்போதாவது அவனிடமே பந்தைக் கொடுப்பார்கள். எமெட் அந்த அணியில் ஃபுல்பேக். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது, தோளுக்கு மேல் நேராகத் தலைதான். எல்லா வருடமும் பொறுமையாகக் காத்திருந்து, கடைசி வருடத்தில் அந்த இடம் அவனுக்கு வந்திருந்தது.

ஹாலிஸின் புதிய ஆட்டத்தில் ஃபுல்பேக்கே கிடையாது.

நான்கு பேரை அகலமாகப் பரப்பி நிறுத்துவார். ஒரு நகர்வு முடிந்து எதிராளி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். கூடி நின்று பேச நேரமில்லாததால், ஓரத்திலிருந்து படம் போட்ட பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். கழுதை என்றால் ஒரு நகர்வு, பீட்சா என்றால் இன்னொன்று. இதன் சூட்சுமத்தை ஒரு நாள் அடுப்பில் சில்லி என்னும் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது எனக்குச் சொன்னார்.

"நாங்க ஆளை மாத்தினா, அவங்களுக்கும் மாத்த நேரம் குடுக்கணும். அதுவரைக்கும் நடுவர் பந்து மேலயே வந்து நின்னுக்குவாரு. நாங்க மாத்தலைன்னா அவங்களால மாத்த முடியாது. களைச்சுப்போன அந்த முந்நூறு பவுண்டு ஆளுங்க களத்துலயே கெடக்கணும். என் வித்தையே அவ்வளவுதான், மார்லா."

அந்த வித்தை பலித்தது. பத்து ஆட்டத்தில் ஒன்பது வெற்றி. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் போட்டிகளுக்குப் போகும் வாய்ப்பு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எமெட் காலால் உதைத்து அனுப்பிய பந்தைத் துரத்துகிற கூட்டத்தில் மட்டும் ஓடினான், மற்ற நேரம் ஓரத்தில் நின்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு சாப்பிட வருவான். சாப்பாட்டு மேசையிலும் ஹாலிஸைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள், "கோச், என்னை அந்த அட்டையில படமாவாவது போடுங்க. கழுதைக்குப் பக்கத்துல எடம் இருக்கு" என்றான். நாங்கள் மூவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் ஹாலிஸ்.

நவம்பர் மூன்றாவது சனிக்கிழமை சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். அன்று கடைசி வருட ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு களத்துக்கு நடந்து வருவார்கள். அதற்காக அம்மா சிவப்பில் ஒரு கோட்டு வாங்கியிருந்தாள். வியாழக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது அடுப்பிலிருந்து, பழம் வைத்த கோலாச் ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பாமல், தட்டிடம் கேட்பது போல, "ஒரு தடவையாவது அவன் கையில பந்து வருமா?" என்றாள். அவளுக்கும் எங்கள் நிபந்தனை தெரியும். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டில் நானும் ஹாலிஸும் பாத்திரம் கழுவினோம். அவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை, ஹாலிஸ். அவன்கிட்ட பந்தைக் குடுங்க."

"நாம பேசிக்கிட்டது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு. இருந்தும் கேக்கறேன்."

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். பிறகு என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாகக் கிளம்பிப் போனார்.

சனிக்கிழமை காற்று வெட்டியெடுத்தது. அப்பாவும் அம்மாவும் எமெட்டை நடுவில் விட்டு நடந்து வந்தார்கள். அம்மாவின் கோட்டு மட்டும் அந்தப் பழுப்புப் புல்தரையில் தனியாகத் தெரிந்தது. ஆட்டம் இழுபறி. இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது நாங்கள் நான்கு புள்ளி பின்தங்கியிருந்தோம். அப்போது ஹாலிஸின் ஆட்டம் ஓட ஆரம்பித்தது. அட்டைகள் மேலே போயின, கீழே வந்தன. ஒரு ஆளைக்கூட மாற்றாமல் எழுபது கஜம் போனோம். எதிரணியின் பெரிய ஆட்கள் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். ஒருவன் முட்டி போட்டே உட்கார்ந்துவிட்டான்.

எல்லைக்கோட்டுக்கு இன்னும் ஒரு கஜம், தாண்டினால் வெற்றி. கடைசி வாய்ப்பு. பத்தொன்பது விநாடி.

அப்போது ஓரத்திலிருந்து எமெட் உள்ளே ஓடினான்.

மைதானமே எழுந்து நின்றது. அம்மா என் கையைப் பிடித்த வேகத்தில் நகம் பதிந்தது. நான் எமெட்டைப் பார்க்கவில்லை. நடுவர் நடந்து வந்து பந்துக்கு மேல் நிற்பதைப் பார்த்தேன். எதிர்ப் பக்கத்திலிருந்து சட்டையில் மண்கூட ஒட்டாத மூன்று மலை மாதிரி ஆட்கள் உள்ளே வந்தார்கள். முட்டி போட்டவன் வெளியே போனான். ஃபுல்பேக் உள்ளே வந்தால் பந்து யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வரிசையில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

எமெட் பந்தை வாங்கி முட்டினான். அவன் மேல் ஆட்கள் விழுந்தார்கள், அவர்கள் மேலும் ஆட்கள் விழுந்தார்கள். ஒவ்வொருவராக எழுப்பிப் பார்த்தபோது பந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு அடி முன்னால் இருந்தது, எமெட்டின் இரண்டு கைக்குள்ளும் பத்திரமாக.

தோல்விக்குப் பிறகு உடை மாற்றும் அறைக்கு வெளியே குடும்பங்கள் காத்திருந்தன. எமெட் ஈரத் தலையோடு வந்தான். அம்மாவை அணைத்துக்கொண்டான். பிறகு என்னைச் சாமான் லாரிக்குப் பின்னால் கூட்டிப் போனான்.

"நீ கேட்டியா?"

"கேட்டேன்."

"நேத்து காலையில பயிற்சியில திடீர்னு அந்த ஆட்டத்தைப் போட்டுப் பாத்தாரு. எனக்கு அப்பவே தோணிச்சு. ஆனா சந்தோஷம் ஜாஸ்தியா இருந்துச்சு, நானும் வாயை மூடிக்கிட்டேன்." அவன் குரல் உயரவில்லை. "இத்தனை வாரம் ஓரத்துல நின்னேன். ஒருத்தன்கூட என்னைப் பாத்துப் பாவம்னு சொன்னதில்ல. இன்னைக்கு ரூமுக்குள்ள எல்லாப் பசங்களும் என் தோளைத் தட்டிட்டுப் போனாங்க, மார்லா. எல்லாரும்."

அதன் பிறகு மூன்று வாரம் அவன் என் வீட்டுக்கு வரவில்லை.

பத்திரிகைக்காரர்களிடம் ஹாலிஸ், முடிவு என்னுடையது, தப்பும் என்னுடையது என்று மட்டும் சொன்னார். திங்கட்கிழமை தலைமைப் பயிற்சியாளர் ஆட்ட அட்டையைத் தானே எடுத்துக்கொண்டார். டிசம்பரில் ஐடாஹோவில் ஒரு சிறிய கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. குவார்ட்டர்பேக்குகளுக்குப் பயிற்சி மட்டும். அதை அவர் என் சமையலறையில் கோட்டைக் கழற்றாமலே சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். வேலையை விடுவதில் கஷ்டமில்லை என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"உன்மேல கோபம் இல்ல. நீ கேட்டதாலதான் செஞ்சேன்னு சொல்லிட்டாக்கூடச் சுலபமா இருக்கும். அந்த நேரத்துல உன் குரல் கேட்டுச்சா, இல்ல எனக்கே சரின்னு பட்டுச்சா, தெரியல. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன்."

"இனிமே நான் எதுவுமே கேக்க மாட்டேன்."

"தெரியும். கேக்கவே மாட்டே. வாயைத் திறக்கப் பயப்படுற ஒருத்தியோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது, சொல்லு."

நான் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, என் பக்கம் தள்ளவும் இல்லை.

அவர் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை பெட்டிகளை வண்டியில் ஏற்ற எமெட் போயிருந்தானாம். அது அன்று அவன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மத்தியானம் என் வீட்டுப் பின்கதவு திறந்தது. எமெட் பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிவிட்டு மேசையில் வந்து உட்கார்ந்தான்.

"திங்க ஏதாவது இருக்கா?"

சில்லியைச் சூடு பண்ணி, பக்கத்தில் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்தேன். தலையைத் தூக்காமல் சாப்பிட்டான். கிண்ணம் பாதி காலியானபோது நான், என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

எமெட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ கேப்பேன்னு சொன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

அவன் கிண்ணத்தை வாங்கி இன்னும் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தேன்.