தாய்மாமனுக்குப் புது இலை

முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங்மிங் கழிந்த மூன்றாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, சுவா சியூகுன் வீட்டுக் களிமண் தேநீர்க் கெண்டி வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கியது. தெருக்கூட்டுகிற அம்மாள் பார்த்தாள், எதிர்வீட்டுப் பல் வைத்தியர் பார்த்தார். அன்று ஆரஞ்சு கிலோ ஆறு யுவான், கிளிஞ்சல் பத்து யுவான். கெண்டிக்குள் நட்டிருந்த கள்ளிச்செடி தலையைக்கூட அசைக்கவில்லை. முப்பது அடி நடந்து, மழைநீர்க் குழாய் ஓரமாகப் போய் அது நின்றபோது சியூகுன் ஈரக்கையோடு ஓடிவந்து தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டாள். யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. சாவ்ஜோவில் ஒரு கெண்டி நடந்தால் அது கெண்டியின் விஷயம். மூன்று மணிக்கு ஒரு வீட்டில் தேநீர் போடவில்லை என்றால்தான் தெருவே கூடிப் பேசும்.

அந்த வீட்டில் தேநீர் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. காரணம் ஊருக்கே தெரியும். அந்த ஊரில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தாலும் கோப்பை மூன்றுதான், கழுவிக் கழுவி மாற்றிக் குடித்துக்கொள்வார்கள். ஆனால் நடுவில் புதிதாக ஒருவர் வந்தால் கெண்டியில் கிடக்கும் இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை போட்டாக வேண்டும். பழைய இலையிலேயே ஊற்றிக் கொடுத்தால், எழுந்து போ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சியூகுன் தன் பாத்திரக் கடையில் வடக்கிலிருந்து வந்த வியாபாரிகள் மூவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்போது அவள் தம்பி மூலிம் உள்ளே வந்தான். அவனுடைய பீங்கான் சூளையை மூடிய வாரம் அது. சியூகுன் பேச்சு மும்முரத்தில் ஒரு கோப்பையை அலசி, அதே இலையில் இன்னொரு முறை வெந்நீர் விட்டு, அவனிடம் நீட்டினாள். கூடப் பிறந்தவனிடம் என்ன உபசாரம் என்று அவள் கை நினைத்தது. சூளை போனதும் ஒரு சிட்டிகை இலைக்குக்கூட நான் லாயக்கில்லாமல் போனேனா என்று அவன் நினைத்தான். ஒரே மடக்கில் குடித்தான், கோப்பையை வைத்தான், "வர்றேன்க்கா" என்றான். பிறகு வரவே இல்லை. ஹான் ஆற்றுக்குக் கிழக்குக் கரையில் மின்கெட்டில் பழுது பார்க்கும் கடை போட்டு அங்கேயே தங்கிவிட்டான்.

"உனக்கு வாய்தான் அவசரம்னு நெனச்சேன். கை அதுக்கு மேல போல," என்றார் சியூகுனின் கணவர் சியாவ்பெங். அன்றிலிருந்து அவள் கெண்டியைத் தொட்டால் கை நடுங்கியது. நடுங்குகிற கையோடு சும்மா இருக்கிற பெண் இல்லை அவள். கெண்டியில் மண் போட்டுக் கள்ளி நட்டாள். மூடிக் கிண்ணத்தில் முகப்பூச்சு வைத்தாள். மூன்று கோப்பைகளில் மகளின் கம்மல், ரப்பர் பேண்டு, ஊக்கு. கெண்டி மூக்கின் அடைப்பு எடுக்கும் ஊசியால் போனில் சிம் மாற்றினாள், கோப்பை எடுக்கும் இடுக்கியால் புருவம் திருத்தினாள், இலை அள்ளும் மூங்கில் கரண்டியால் பூனைக்குத் தீனி போட்டாள், தண்ணீர் வடியும் மூங்கில் தட்டின்மேல் நான்கு போன்களைச் சார்ஜுக்குப் போட்டாள். இதையெல்லாம் போனில் லைவாகக் காட்டிக் கடைச் சரக்கை விற்றாள். தேநீர் குடிக்காதவர்களுக்கான தேநீர்ப் பாத்திரம் என்று நாடெங்கும் பிய்த்துக்கொண்டு போனது. ஹாங்ஜோவிலிருந்து ஒருத்தி எழுதினாள்: கெண்டி அழகு, செடி நன்றாக வளர்கிறது, ஐந்தாம் நாள் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்ததைப் பிடித்தேன், நான்கு நட்சத்திரம்.

வீட்டுப் பாத்திரங்கள் முதல் வருடம் ஒரு விரல் அகலம்தான் நகர்ந்தன. இரண்டாம் வருடம் மேசை விளிம்பு. ஐந்தாம் வருடம் கோப்பைகள் கம்மலோடு கூடத்தைச் சுற்றின, கண்ணாடி அலமாரிக்குள் போட்டால் நாள் முழுக்க உள்ளேயிருந்து டொக்கு டொக்கென்று தட்டின. சியூகுனும் அப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தாள், துடைத்த மேசையையே துடைத்தாள். வீட்டில் அசையாமல் இருந்தது சியாவ்பெங் மட்டும்தான், அவருக்கு மூட்டு வலி. எல்லாப் பாத்திரங்களும் எப்போதும் கிழக்கு நோக்கியே நகர்ந்தன. கிழக்கே ஆறு, ஆற்றின்மேல் பழைய பாலம், பாலத்துக்கு அப்பால் மூலிம். எல்லோருக்கும் புரிந்தது, பல் வைத்தியர் மட்டும்தான் சொன்னார்.

"பாத்திரத்துக்கு இருக்கிற பாசம் உனக்கு இல்லையே, சியூகுன்."

"நீங்க பல்லைப் பாருங்க டாக்டர். என் வாசலை எதுக்குப் பாக்குறீங்க?"

இதற்கிடையில் இங் என்ற மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கல்யாண விருந்தில் முதல் நாற்காலி தாய்மாமனுடையது. அவன் உட்கார்ந்து சாப்ஸ்டிக்கைத் தொடாமல் வேறு யாரும் தொட முடியாது. அந்த நாற்காலி காலியாகக் கிடந்தால் பெண் ஆளில்லாத வீட்டிலிருந்து வந்தவள் என்று ஆகிவிடும். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு முறை நயமாகக் கேட்டாள், மூன்றாம் முறை நயமில்லாமல் கேட்டாள். சியூகுன் சிவப்புப் பத்திரிகையை அனுப்பினாள். மூலிம் போனில் கட்டைவிரல் படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, கிடைத்தது என்று அர்த்தமா என்று குடும்பமே நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டது.

கடைசியில் அவளே ஆற்றைக் கடந்து அவன் கடைக்குப் போனாள். அங்கே அவன்தான் வீட்டுக்காரன், அவள் விருந்தாளி. மூலிம் ஒரு கைப்பிடி இலை போட்டுத் தேநீர் ஊற்றினான். அவள் ஒரு வாய் குடித்ததும் இலையைக் கொட்டிவிட்டுப் புதிது போட்டான். இன்னொரு வாய், மறுபடி புதிது.

"போதும்டா, நல்ல இலையை வீணாக்காத."

"விருந்தாளி வந்திருக்கீங்க. பழைய இலையில குடுத்தா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?"

எட்டு முறை கொட்டினான். கல்யாணப் பேச்சை அவள் எடுக்கும்போதெல்லாம் கெட்டில் அலறியது. அவள் வயிறு நிறையத் தேநீரோடு திரும்பினாள். அந்தத் தப்பைத் தம்பியின் மேசையில் திருத்த முடியாது, தன் கையால் இலை மாற்றித்தான் திருத்த முடியும் என்பது வரும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. ஆனால் அவன் இக்கரைக்கு வரமாட்டான்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வீட்டில் ஒரு பாத்திரம்கூட இல்லை. கெண்டி, மூடிக் கிண்ணம், கோப்பைகள், இடுக்கி, ஊசி, சார்ஜர் வயரை இழுத்துக்கொண்டே தட்டு, எல்லாம் போயிருந்தன. அரை மணியில் பாலத்துக் காவலர் லாவ் போன் செய்தார்.

"உங்க சாமானெல்லாம் இங்க நடுப்பாலத்துல நிக்குது, வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. டிக்கெட் கேட்டேன், பதில் இல்ல. கிழக்கேயிருந்து வேற மூணு கோப்பையும் ஒரு கெட்டிலும் வந்திருக்கு. அந்தக் கடைக்காரருக்கும் சொல்லிட்டேன்."

அந்தப் பாலம் இரு ஓரத்திலும் கல், நடுவில் கல் கிடையாது. பதினெட்டுப் படகுகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போட்டிருக்கும். மாலையில் அவிழ்த்துவிடுவார்கள். ஒன்பதாவது படகில் மேற்கிலிருந்து வந்தவையும் கிழக்கிலிருந்து வந்தவையும் எதிரெதிரே நின்றன. மூலிமின் கோப்பைகளின் விளிம்பெல்லாம் தேய்ந்திருந்தது. எத்தனை வருடமாகக் கடைக்கதவில் முட்டின என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. சியூகுன் அந்த விளிம்புகளை விரலால் தடவிப் பார்த்தாள். பலகையில் அப்படியே உட்கார்ந்தாள். கள்ளியைப் பிடுங்கினாள், மண்ணைக் கொட்டினாள், ஆற்று நீரில் கெண்டியை மூன்று முறை அலசினாள். காவல் அறையில் எந்நேரமும் கொதிக்கும் வெந்நீரை லாவ் கொண்டுவந்தார்; தேநீர் போடாவிட்டாலும் அவள் கைப்பையில் எந்நேரமும் இலைப் பொட்டலங்கள் இருக்கும். லாவுக்கு முதல் கோப்பையை ஊற்றி முடித்தபோது கிழக்கிலிருந்து மூலிம் வந்து நின்றான்.

அவள் நிமிரவில்லை. ஒரே ஒரு முறை வெந்நீர் ஊற்றியிருந்த இலையை அப்படியே ஆற்றில் கொட்டினாள். புதுப் பொட்டலத்தைப் பிரித்தாள். கை நடுங்கவில்லை.

மூலிம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "அன்னிக்கு அது எத்தனையாவது ஊத்து?"

"அஞ்சாவது."

"ஆறாவது. இன்னும் நாக்குல இருக்கு."

"நீ வீட்டு ஆள்னு நெனச்சுட்டேன்டா. அப்பவே கொட்டியிருக்கணும்," என்றாள். அழுதாள். லாவ் ஆற்றைப் பார்த்துக்கொண்டார். மூலிம் கோப்பையை எடுத்துக் குடித்தான். அடுத்ததையும் குடித்தான். மூன்றாவதையும். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஆட்கள் மற்ற படகுகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள். சியூகுன் பொட்டலக் காகிதத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அப்போது மேற்கிலிருந்து இங் மூச்சிரைக்க ஓடிவந்தாள். கடைசிப் பலகையிலிருந்து படகுக்குத் தாவினாள். சியூகுன் கெண்டியை எடுக்கக் கை நீட்டுவதற்குள் மூலிம் அதை எடுத்துவிட்டான். இலையைக் கொட்டினான். அக்காவின் பையைத் தன் பை மாதிரித் துழாவிப் புதுப் பொட்டலம் எடுத்துப் பிரித்துப் போட்டு, வெந்நீர் விட்டு, அக்கா மகளுக்கு முதல் கோப்பையை நீட்டினான். அதைச் செய்வது வீட்டு ஆள்தான், விருந்தாளி இல்லை. சியூகுன் பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாகக் கைகளை மடியில் சும்மா வைத்துக்கொண்டாள்.

இங் பயந்துகொண்டே கேட்டாள். "மாமா, கல்யாணத்துக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?"

"தாய்மாமன்கிட்டயே நேரம் கேக்குறியா? நான் வந்து உக்காந்தாத்தான் உனக்கு நேரமே."

இருபக்கமும் படகுகள் போய்விட்டன. நால்வரும் இருந்த படகு கட்டில்லாமல் நடு ஆற்றில் நின்ற இடத்திலேயே நின்றது. கோப்பைகள் ஆறு, ஆட்கள் நான்கு, இருந்தும் வழக்கப்படி மூன்றை மட்டும் அலசிக்கொண்டார்கள். இருட்டுவதற்குமுன் லாவ் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். மறுவாரம் பாலத்து நுழைவாயில் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது: நடந்து செல்லும் பாத்திரங்கள் இடது ஓரமாகச் செல்லவும், கட்டணம் இல்லை.