சாவிக்காரரின் டிராப் இன்

சாவிக்காரர் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்ததும் தெருவே வாயைப் பிளந்தது. பூட்டுக்கு இங்கிலீஷ் எதற்கு? மனைவி இறந்த பிறகு ஆறு மணிக்கு மேல் பொழுது நகராமல்தான் சேர்ந்தார் என்பது கீழ்வீட்டுக்காரர்களின் கணிப்பு. கணிப்பு தப்பில்லை. தெருவில் பாதி வீட்டுக்கு மாற்றுச் சாவி வெட்டிக் கொடுத்த மனிதர். அவர் வீட்டு வாசற்படியைத்தான் யாரும் மிதித்ததில்லை.

அன்றைய பாடம் ‘டிராப் இன்’. சொல்லாமல் கொள்ளாமல், போகிற போக்கில் ஒரு வீட்டை எட்டிப் பார்ப்பது என்றார் டீச்சர். அடுத்த வகுப்புக்குள் யாரிடமாவது சொல்லிப் பார்க்க வேண்டுமாம். சாவிக்காரர் படிக்கட்டில் மேல்மாடி நர்ஸம்மாவை மடக்கி, நெற்றி வியர்க்க, "எனி டைம் டிராப் இன்" என்று ஒப்பித்தார். கட்டாயம் வருகிறேன் என்று சிரித்தாள் அவள். கட்டாயம் என்று சொன்னவர்கள் வந்ததாகச் சரித்திரம் உண்டா? மனிதர் நம்பிவிட்டார்.

எந்த நேரமும் வரலாம் என்று சொன்ன பிறகு எந்த நேரமும் வீட்டில் இருக்க வேண்டுமே. கடையை நாலரைக்கே சாத்தினார். வகுப்புக்கு மட்டம் போட்டார். வீட்டைப் பெருக்கி, கதவை அகலத் திறந்துவைத்து, நேர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் காலரை நீவிக்கொள்வார். செருப்பு மேலே போய்விடும். இப்படியே ஐந்து நாள்.

ஆறாம் நாள் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போன நேரம், நர்ஸம்மா டியூட்டி முடிந்து படியேறி வந்தாள். பூட்டுக்காரர் வீடே திறந்து கிடக்கிறதே, பாவம், மறந்து போய்விட்டார் போலிருக்கிறது என்று நல்ல மனதோடு கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டு சொடக்கென்று விழுந்தது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? ஓடிவந்து திறந்தார். அவள் மூன்று படி ஏறியிருந்தாள். படித்த இங்கிலீஷ் அத்தனையும் காலை வாரிவிட்டது.

"ஏம்மா, உள்ள வந்து அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுத்தான் போயேன்."

"உள்ளதான் இருந்தீங்களாண்ணே? நான் வேற சாத்திட்டேன். இன்னொரு நாள் வரேன், நின்னு நின்னு காலெல்லாம் கெஞ்சுது."

இதோடு விட்டுவிடுவதுதான் உலக வழக்கம். சாவிக்காரர் விடவில்லை.

"எந்த நாள்?"

இப்படி யார் கேட்பார்கள்? அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டு அவரைப் பார்த்தாள். திறந்த கதவுக்குப் பின்னால் பெருக்கித் துடைத்த வெறும் அறையையும் பார்த்தாள்.

"புதன்கிழமை லீவுண்ணே. ஆறு மணிக்கு வரேன்."

தலையாட்டிவிட்டு உள்ளே வந்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது, வீட்டில் இருப்பது ஒரே ஒரு நாற்காலி.