விசாவில் உள்ளபடி

என் விசாவில் நான் விவசாயத் தொழிலாளி. துபாயில் எந்த வயலில் என்று கேட்காதீர்கள். பனிக்கட்டி வயலில். ஐஸ் ரிங்கில் ஆட்கள் சறுக்கிச் சறுக்கிக் கீறல் விழுந்த தரையை வழித்து, மேலே வெந்நீர் விட்டு, மறுபடி கண்ணாடியாக்கும் வண்டி ஒன்று உண்டு. அதை ஓட்டுவது நான். எங்களுக்குள் அதை டிராக்டர் என்போம். முதுகுளத்தூர்ப் பக்கம் பிறந்த கார்மேகத்துக்கு ஆயுளில் வாய்த்த டிராக்டர் அது ஒன்றுதான்.

கம்பெனிக்கு எந்தத் தொழிலுக்கு விசா கிடைக்கிறதோ அதில் ஆளை இறக்குவார்கள். இறங்கிய பிறகு இருக்கிற வேலையைக் கொடுப்பார்கள். வளைகுடாவில் இது ஊரறிந்த வழக்கம். என் ரூமில் தச்சர் விசாக்காரர் சமைத்தார், சமையல் விசாக்காரர் லாரி ஓட்டினார். வந்த முதல் நாளே கேம்ப் போர்மேன் சோலையப்பன் எங்களை உட்காரவைத்து ஒரே ஒரு பாடம் நடத்தினார். எந்த ஆபீஸிலிருந்து எவன் கேட்டாலும் விசாவில் உள்ளதைச் சொல். மாற்றிச் சொன்னால் உனக்கும் ஆப்பு, கம்பெனிக்கும் ஆப்பு. பதினோரு வருஷமாக அந்தப் பாடத்தை நான் மறக்கவில்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

சாகிர், பர் துபாயில் துணிக்கடை வைத்திருந்த கீழக்கரை கௌஸ் முகம்மது பாயின் மகன். துபாயிலேயே பிறந்தவன். எட்டு வயதில் பள்ளிக்கூடத்தோடு ரிங்குக்கு வந்தவன், அப்புறம் ஐஸை விட்டுப் போகவே இல்லை. சறுக்குக் காலணியில் நின்றபடி, வளைந்த கட்டையால் கறுப்பு ரப்பர் வில்லையை அடித்து வலைக்குள் தள்ளும் ஐஸ் ஹாக்கிதான் அவனுக்குச் சோறு, தூக்கம் எல்லாம். ஆறடி வெள்ளைக்காரர்கள் வந்து மோதுவார்கள். இந்த ஒல்லிப்பயல் அவர்கள் கை இடுக்கில் புகுந்து போய்விடுவான். எனக்கு ஆட்டம் புரியாது. தரை புரியும். மற்றவர்கள் ஆடிவிட்டுப் போன தரை எருமை புரண்ட வயல் மாதிரி கிடக்கும். அவன் திரும்பிய இடத்தில் மட்டும் ஒரே ஒரு கோடு, கூராக விழுந்திருக்கும். அதன் மேல் வண்டியை விட எனக்கு மனசு வராது.

பதினெட்டு வயதானால் மகன் தகப்பன் விசாவில் இருக்க முடியாது. அப்போது ரிங்கின் கிளப், சம்பளம் கொடுத்து அவனை ஆட்டக்காரனாக வைத்துக்கொள்ள முன்வந்தது. ஆனால் ரிங்கை நடத்தும் எங்கள் கம்பெனி கையில் மிச்சமிருந்தது கிளீனர் விசா மட்டும். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பின்னால் வம்பாகிவிடாதா என்று கேட்டார்.

"அது வெறும் பேப்பர் பாய். நான் என்ன இங்க நாத்தா நட்டுக்கிட்டு இருக்கேன்?" என்றேன்.

சிரித்துவிட்டார். சரி என்று சொல்லிவிட்டார்.

மூன்று வருஷம் சாகிர் சம்பள ஆட்டக்காரனாக ஆடினான். காலையில் அரபிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பான், சாயங்காலம் கிளப்புக்கு ஆடுவான். 2007 தொடக்கத்தில் ஒரு போட்டிக்கு வந்த ஐரோப்பியப் பயிற்சியாளர் இரண்டு நாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். மே மாதம் கடிதம் வந்தது. அவர் நாட்டில் ஒரு சின்ன ஊர். பெயர் இன்றுவரை என் வாயில் நுழையவில்லை. இரண்டாம் டிவிஷன் குழு, இரண்டு சீசனுக்கு ஒப்பந்தம், ஆகஸ்ட் முடிவதற்குள் வந்து சேர வேண்டும். அங்கெல்லாம் பதினாறு வயதிலேயே ஆளைப் பிடித்துவிடுவார்களாம். இருபத்தொரு வயதுக்காரனை இந்த ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள் என்று சாகிர் சொன்னான். இவன் மூன்று வருஷமாக எங்கள் சம்பள ஆட்டக்காரன் என்று ரிங் மேனேஜர் கடிதம் கொடுத்தார். பாஸ்போர்ட்டோடு அதுவும் அபுதாபியில் இருந்த அந்த நாட்டு எம்பசிக்குப் போனது.

அந்தக் கோடையில்தான் அரசாங்கம் பொது மன்னிப்பு அறிவித்திருந்தது. விசா இல்லாமல் தங்கியவர்கள் தண்டனையில்லாமல் ஊர் திரும்பலாம். அதன் பிறகு பிடிபட்டால் தொலைந்தார்கள். எங்கு பார்த்தாலும் லேபர் ஆபீஸ் செக்கிங் என்ற பேச்சு. பக்கத்து கேம்ப்பில் விசாவில் இல்லாத வேலை பார்த்த நாலு பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லோரும் விசாத் தொழில் அச்சடித்த லேபர் கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதை மனப்பாடம் செய்தபடி திரிந்தோம்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார், ரிசப்ஷனில் ஆளில்லை. போன் விடாமல் அடித்தது. நான் எடுத்தேன். இந்தியில் ஒரு மரியாதையான குரல், எம்பசியிலிருந்து பேசுவதாகச் சொன்னது. காதில் விழத்தான் செய்தது. எம்பசி என்றால் என்ன, லேபர் ஆபீஸ் என்றால் என்ன, எனக்கு ஆபீஸ் எல்லாம் ஒன்றுதான். சாகிர் என்பவர் அங்கே என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டார்.

"கிளீனர் சாப். ஒன்லி கிளீனர்."

ஹாக்கி ஆடுவாரா என்று கேட்டார். லீவு நாளில் எப்போதாவது, சும்மா, சம்பளமெல்லாம் கிடையாது என்றேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார். பையனை ஒரு பெரிய கண்டத்திலிருந்து காப்பாற்றிவிட்ட நினைப்பில் அன்று ஒரு தட்டு சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா இல்லை. கூட வந்த காகிதத்தைச் சாகிர் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னான். விண்ணப்பதாரர் துப்புரவுப் பணியாளர் என்று அவர் வேலை செய்யும் இடத்திலிருந்தே தொலைபேசியில் உறுதி செய்தார்கள். லேபர் கார்டிலும் அப்படியே இருக்கிறது. ஆகவே கொடுத்த கடிதம் பொய்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. போனை எடுத்தவன் நான்தான் என்றேன். என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒரு சொல் விடாமல் சொன்னேன். அழுதேன்.

அவன் கையிலிருந்த சறுக்குக் காலணியின் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டான்.

"நான் போனை எடுத்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்ணே," என்றான். "இங்கதானே வளர்ந்தேன்."

மேனேஜர் அந்த ஊர்க் குழுவுக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பார்த்தார். ஆகஸ்ட் இருபதாம் தேதி அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். கௌஸ் முகம்மது பாயின் கடைக்கு ஒரு நாள் போனேன். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

எம்பசிக்காரர்கள் லேபர் ஆபீஸுக்குத் தகவல் கொடுத்திருப்பார்களோ என்று மேனேஜருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. செக்கிங் எல்லாம் ஓயும்வரை ஆட்டமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம் என்று சாகிரிடம் சொல்லி, மஞ்சள் யூனிபார்மைக் கொடுத்தார். அவன் மறு பேச்சு இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டான்.

நவம்பரில் ஒரு காலை நிஜமாகவே வந்தார்கள். வாசலில் வண்டி நின்றதுமே, விசாவில் வேறு தொழில் இருந்த நாங்கள் ஏழு பேரும் கம்ப்ரஸர் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டோம். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் டிராக்டர் ஆளில்லாமல் பாதி ஐஸில் நின்றது. வண்டி எட்டாத ஓரத்தில் சாகிர் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, குனிந்து ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அதிகாரி தடுப்புக்கு வெளியே நின்று, என்ன வேலை என்று கேட்டார்.

"கிளீனர். ஒன்லி கிளீனர்."

அதிகாரி கார்டை வாங்கிப் பார்த்தார், திருப்திப்பட்டார், திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தார். சாகிர் மறுபடி குனிந்துகொண்டான். அவன் ஒளிய வேண்டியிருக்கவில்லை. விசாவில் உள்ளபடி வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அன்று அந்தக் கட்டடத்தில் அவன்தான்.