சக்கரக் குழியில் ஒரு குமாஸ்தா

தபாலில் வந்த புத்தகம் சொன்னபடி நாற்பது நாள் மூச்சை இழுத்து நெஞ்சில் நிறுத்திப் பார்த்தேன். உயிர்ச்சக்தி பொங்கி இதயம் திறக்குமாம். விக்கல்தான் வந்தது.

வீட்டில் வாய்க்காதது கோயிலிலாவது வாய்க்கட்டும் என்று ஒரு வியாழக்கிழமை காலை கோமதியம்மன் சன்னதிக்கு முன்னால் இருக்கும் சக்கரக் குழியில் போய் உட்கார்ந்தேன். சித்தம் கலங்கியவர்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கும் இடம்தான். ஆனால் அம்மனின் சக்தி அங்கேதான் குவிந்திருக்கிறது என்பார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவை யார் பைத்தியம் என்று நினைக்கப்போகிறார்கள்?

மூச்சை நிறுத்தியிருந்தபோது நெற்றியில் ஈரமாக ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால், முன்பின் தெரியாத ஒருத்தி எனக்குக் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் தம்பி, மணிக்கட்டில் கயிற்றுத் தழும்போடு, குழியில் உட்காரத் தன் முறைக்காக நின்றிருந்தான்.

"துணைக்கு யாரும் வரலியா அண்ணாச்சி? வீட்ல ஆளில்லியா?" என்று கேட்டு என் தலையைத் தடவினாள்.

எனக்கு எரிச்சல் வந்தது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நான் ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தேன். மனைவி போய்ச் சேர்ந்த இந்த மூன்று வருஷத்தில், முடிவெட்டுபவரைத் தவிர யாரும் என் தலையைத் தொட்டதில்லை. கண்ணீர் கொட்டியது. இது மூச்சா, மண்ணா, அந்தக் கையா? புத்தகத்தில் அழுகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

வெட்கப்பட்டு எழப்போனேன். அந்தத் தம்பி என் தோளை அழுத்தி உட்கார வைத்தான்.

"நீங்க இருங்க அண்ணாச்சி. நான் பொறவு உக்காருதேன்."