முந்தி வந்த வினைச்சொல்

வினைச்சொல் முந்தி வந்துவிட்டதால் மரகதவல்லிக்கு மட்டும் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை ஐயம்பெருமாளுக்கு ஆகவில்லை.

எங்கள் பதிவு அலுவலகத்தில் வினைச்சொல் கடைசியாகத்தான் வரும். பெண், மாப்பிள்ளை, சாட்சி எல்லாரும் நின்றபின் கூப்பிடுவோம். வந்து இருவரையும் சேர்த்து முடித்துவைக்கும். முப்பத்தெட்டு வருஷம் நான் அங்கே எழுத்தர். ஒரு தவறு கிடையாது.

அன்று எங்கள் வினைச்சொல் லீவு. பதிலுக்கு எஸ்தோனியாவிலிருந்து ஒன்று வந்திருந்தது. குளிர் நாட்டுப் பழக்கம். ஒன்பது மணிக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. அந்த ஊரில் அது பின்னால் வந்தால் இருவரையும் சேர்க்கும். முன்னால் வந்தால், பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவரோடு சரி. பக்கத்தில் நின்றவள் மரகதவல்லி. வேலை முடிந்ததென்று மின்விசிறிக்கு அடியில் தூங்கிப்போயிற்று.

"சார், எனக்கு ஆகலையே!" என்றான் ஐயம்பெருமாள்.

"செருப்பைக் கழட்ட இவ்வளவு நேரமா?" என்றாள் மரகதவல்லி.

அவள் அப்பா எழுந்தார். "வாம்மா, வீட்டுக்குப் போவோம். கல்யாணமான பொண்ணு, கல்யாணமாகாத பையன்கூட நிக்கக் கூடாது."

"இவரைத்தானேப்பா பார்த்தீங்க?"

"அது காலையில வரைக்கும்."

நியாயமான பேச்சு. ஐயம்பெருமாள் மாலையைக் கழற்றி என் மேசைமேல் வைத்தான். அவள் அதை எடுத்து மறுபடி அவன் கழுத்தில் போட்டாள்.

"ஒரு மணிக்கு மூடிருவீங்க. ஏதாவது செய்யுங்க சார்" என்றாள் என்னிடம்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். ஒன்றும் இல்லை. அப்பா அவள் கையைப் பிடித்துவிட்டார்.

டீ கிளாஸ் எடுக்க வந்த பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். "இதுக்கா இந்தப் பாடு? தூங்குதுல்ல? நகருங்க."

வினைச்சொல்லை நாற்காலியோடு தூக்கினாள். கொல்லைக் கதவு வழியே போய், தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியே வந்து, இருவருக்கும் பின்னால் இறக்கினாள்.

அது கண் விழித்தது. எதிரே இரண்டு முதுகுகள்.

"தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்றது. இருவரையும் சேர்த்தது. மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. முத்திரை குத்தினேன். அப்பா கையை விட்டார்.

மரகதவல்லிக்கு இப்போது இரண்டு கல்யாணம் ஆகியிருந்தது. ஒன்று மிச்சம். அதைச் செய்தித்தாளில் பொதிந்து, கிளாஸ்களோடு தூக்குவாளியில் வைத்து எடுத்துப் போனவள், டீக்கடை செல்லக்கனி.