அப்பா ஊதிய காற்று

என் தங்கை வீட்டில் இருப்பதிலேயே பழைய பொருள் கொஞ்சம் காற்று. மற்றவர்கள் வீட்டில் கடிகாரம் இருக்கும், வெள்ளிக் கிண்ணம் இருக்கும், யாரோ போட்டுக் கிழித்த கம்பளிக் கோட்டு இருக்கும். மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், பத்திரப்படுத்தி வைத்திருந்தது அவருடைய அப்பா ஊதிய காற்று. அது ஒரு நீல நிற ரப்பர் தலையணைக்குள் இருந்தது.

அந்த அப்பாவுக்கு நுரையீரல் கொஞ்சம் பெரிது. மாடியில் நின்று பெருமூச்சு விட்டால் எதிர்வீட்டு அடுப்பு அணைந்துவிடும். அவர்கள் சமைப்பதற்கு முன்னால் வந்து, "ஐயா, இன்னிக்கு மனசு நல்லா இருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். மாப்பிள்ளை முதல் வேலைக்கு ரயிலேறிய அன்று, அப்பா ஜன்னலோரம் நின்று ஒரே மூச்சில் அந்தத் தலையணையை ஊதி, மூடியைத் திருகி, "கழுத்து வலிக்காமப் போய்ச் சேரு" என்று கொடுத்தார். மாப்பிள்ளை போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே அப்பா இறந்துவிட்ட சேதியும் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த மூடியை அவர் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு லிஃப்ட் ஓட்டும் வேலை. ஆயுசு முழுக்க ஏறி இறங்கியும் அந்தக் கட்டடத்தைத் தாண்டி எங்கேயும் போகாத மனுஷர். அதனாலோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகும் ஒரு இடத்தில் உட்காரமாட்டார். ஆனால் தலையணைக்குத் தனி நாற்காலி உண்டு. விருந்தாளிகள் நின்றுகொண்டிருப்பார்கள், தலையணை உட்கார்ந்திருக்கும். ஒருமுறை பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோது அதைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓடிவிட்டுத்தான் பெண்டாட்டி ஞாபகம் வந்து திரும்பினார். அதற்குள் தங்கை தீயையே அணைத்திருந்தாள்.

தங்கை தன் மகளுடைய பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தாள். அவள் போன மறுநாள் காலையில் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

"மச்சான், அப்பா போறாரு."

"அவர் போய் எத்தனை காலமாச்சு, மாப்ளே."

"இல்ல மச்சான். இப்பத்தான் போறாரு."

போய்ப் பார்த்தேன். தலையணை நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை சமையலறைக்குப் போனார், வாசலுக்கு வந்தார், மறுபடி சமையலறைக்குப் போனார். போகிற வழியில் எல்லாக் கதவையும் சாத்தினார். காற்று வெளியே வந்தாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமாம்.

"எங்க ஓட்டை?"

"மூடிக்குப் பக்கத்துல. ரப்பர் வெடிச்சிருக்கு. கேளுங்க."

காது வைத்துக் கேட்டேன். யாரோ தூக்கத்தில் அலுத்துக்கொள்வதுபோல ஒரு சின்னச் சத்தம். அதைக் கேட்டபின் எனக்கும் ஓரிடத்தில் கால் நிற்கவில்லை. தங்கைக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். "அடக் கடவுளே" என்றாள், "தொடாதீங்க, இதோ கிளம்பிட்டேன்" என்றாள்.

மத்தியானம்வரை மாப்பிள்ளை வெடிப்பின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு கூடத்தை அளந்தார். சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். கட்டைவிரல் நீலம் பாரித்ததும், "வாங்க மச்சான்" என்று செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். தங்கைக்கு இடத்தைச் சொல்லிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

முக்கில் ஒரு சைக்கிள் பஞ்சர் கடை. கடைக்காரர் தலையணையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒட்டிடலாம். காத்தை இறக்குங்க."

"காத்தை இறக்காம ஒட்டணும்."

"காத்து வந்துக்கிட்டே இருந்தா பசை பிடிக்காது பெரியவரே. ஒட்டினதும் நானே பம்ப்ல அடிச்சுத் தரேன். நம்ம கடைக் காத்து நல்ல காத்து."

மாப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வையில், கடையில் தொங்கிய புது டயர்கள் பழசாகிவிட்டன. ஒட்டினால் அப்பா இப்போதே போய்விடுவார். ஒட்டாவிட்டால் சாயங்காலம் போய்விடுவார். மாப்பிள்ளை கடையைச் சுற்றிவந்தார். இரண்டாவது சுற்றில், கையில் பையோடு மூச்சிரைக்க வந்த என் தங்கைமேல் மோதிக்கொண்டார்.

"மூடிகிட்ட அந்தப் பழைய வெடிப்புதானே?" என்றாள் அவள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் டயரைப் பார்த்தேன்.

"ஏங்க, கோவிச்சுக்காதீங்க. அது நம்ம கல்யாணம் ஆனப்பவே இருந்துச்சு. நீங்க வேலைக்குப் போனதும் நான் கொஞ்சம் ஊதி வைப்பேன். இப்பல்லாம் நீங்க குளிக்கப் போறப்ப."

"தினமுமா?"

"ஆமா. ஊருக்குப் போற அவசரத்துல அதை மறந்துட்டேன்."

மாப்பிள்ளை அப்படியே நின்றார். அவர் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ அப்பா?"

"எங்க போயிடுவாரு? உள்ளேதான் இருக்காரு. தயிருக்கு உறை ஊத்துறோம்ல, பழசு கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தானே புதுசு சேர்க்கிறோம். அப்படித்தான். நான் பாலு, உங்கப்பா உறை."

மாப்பிள்ளை யோசித்தார். பிறகு யாரும் எதிர்பாராமல் மூடியைத் திருகிக் கழற்றி, வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தார். தலையணை சுருங்கியது, அவர் விரிந்தார். சட்டையின் மேல் பொத்தான் தெறித்து எதிர்க்கடைத் தராசில் விழுந்தது. கன்னம் இரண்டும் பூசணிக்காயாக, தலையணையைக் கடைக்காரரிடம் நீட்டி, சீக்கிரம் என்று கையால் காட்டினார்.

கடைக்காரர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பசை தடவினார். "பசை கொஞ்சம் காயணும்" என்று கீழே வைத்தார். மாப்பிள்ளையின் முகம் சிவப்பிலிருந்து கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. தெருவே கூடிவிட்டது. தங்கை முந்தானையால் பசைக்கு விசிறினாள். நான் மாப்பிள்ளைக்கு விசிறினேன்.

அப்போது பார்த்து ஒருவர் செயின் கழன்ற சைக்கிளோடு வந்தார்.

"அண்ணே, அவசரம். இதை மட்டும் மாட்டிக் கொடுங்க."

"அதுக்கென்ன, இதோ" என்று கடைக்காரர் திரும்பினார்.

"யோவ்! முதல்ல இதை ஒட்டுய்யா!"

கடையில் இருந்த அத்தனை சைக்கிள் மணியும் தானாக அடித்தன. ஓடிக்கொண்டிருந்த பஸ் ஒன்று தனக்குத்தான் சொல்கிறார்கள் என்று நின்றுவிட்டது. செயின் கழன்ற சைக்கிள், ஆளில்லாமல் தெருக்கோடிவரை போய்ச் சாய்ந்தது.

மாப்பிள்ளை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம்? கொசுவைப் பிடிப்பதுபோலக் காற்றில் இரண்டு தடவை கையை வீசிப் பார்த்தார். கையைத் திறந்தார். ஒன்றுமில்லை.

"இது உங்க குரலே இல்லையே" என்றாள் தங்கை மெதுவாக.

"இல்ல." அவர் கண் கலங்கியிருந்தது. "அப்பா இப்படித்தான் கத்துவாரு."

"நான் கேட்டதே இல்லை."

"எனக்கே மறந்துபோச்சு."

கடைக்காரர் ஒட்டுப் போட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, தட்டையாகக் கிடந்த தலையணையை நீட்டினார். பம்பைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தங்கை அதை வாங்கி மூடியைக் கழற்றி வாய்க்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளை அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"பஸ்ல அவ்வளவு தூரம் வந்திருக்க. மூச்சு வாங்குது பாரு" என்றார். "உட்காரு. முதல்ல தண்ணி குடி. அப்புறம் ஊது."

கடைக்காரர் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்து, செம்பில் இருந்த தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். அதுவரை மாப்பிள்ளை பக்கத்திலேயே அசையாமல் நின்றார், திறந்த தலையணையை அவள் பக்கம் திருப்பிப் பிடித்தபடி.